இருக்கிறது, ஆனால் வெளிவரவில்லை

அட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம், ஓர் இரும்புக்கடையின் மாடியில் இருந்தது மத்திய மலைநாட்டுக் கணினித் தமிழ் நூலாக்க மேம்பாட்டுச் சபை. கடையின் முகப்பைவிடப் பெயர்ப்பலகை நீளம். ஆகவே ‘மேம்பாட்டுச் சபை’ என்ற கடைசித் துண்டு மட்டும் பக்கத்துச் சலூனின் தலையில் போய் உட்கார்ந்திருந்தது. சலூன்காரர் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. தன் தொழிலும் ஏறக்குறைய அதுதானே என்று விட்டுவிட்டார்.

சபைக்குச் சொத்து என்று இரண்டு. ஒன்று, ஒரு கணினி. மஞ்சள் பட்டுத்துணி போர்த்திக்கொண்டு மூலையில் இருக்கும். அதை இன்னும் யாரும் திறந்துவைக்கவில்லையாதலால் தொடக்கூடாது. கணினிப் பாடம் கரும்பலகையில் நடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த கோபிசங்கர் மாஸ்டர் பலகை முழுக்க விசைப்பலகையைப் படமாகக் கீறிவிடுவார். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வந்து தங்கள் பெயரைத் தொட்டுத் தொட்டுத் தட்டச்சுச் செய்துவிட்டு, விரல் நுனியில் வெண்கட்டித் தூளோடு போய் உட்காருவார்கள். எழுத்தை அழிப்பது மட்டும் நிஜக் கணினியைவிடச் சுலபமாக இருந்தது.

இரண்டாவது சொத்து, ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் கோபிசங்கர் மாஸ்டர் எழுதிய ‘கேட்டவுடன் தரும் தரவுத்தளம்’ என்ற புத்தம்புதிய நூல் அச்சாகி வந்து, அடுக்கடுக்காக இருந்தது. எத்தனையோ தகவல்களை ஒழுங்காகப் போட்டுவைத்து, யார் கேட்டாலும் கேட்ட கணத்தில் எடுத்துக் கொடுப்பது எப்படி என்பதே நூலின் பொருள். அலுமாரிக்குப் பூட்டுப் போட்டிருந்தது.

நோர்வூட்டுக்கு மேலே வெள்ளைப்பாறைத் தோட்டத்திலிருந்து படிக்க வந்த வினோதா, ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு செயலாளர் யோகராணியிடம் போனாள்.

“மிஸ், அந்தப் புஸ்தகத்த ஒருக்கா பாக்கலாங்களா?”

“எந்தப் புத்தகம்?”

“அந்தா, அலுமாரியில இருக்குங்களே.”

“ஓ, அதோ! அது இன்னும் வெளிவரேல்லை பிள்ளை.”

வினோதா அலுமாரியைத் திரும்பிப் பார்த்தாள். நூல்கள் இருந்தன. மேல் அடுக்கில் ஒரு சிலந்தி குடும்பமே நடத்திக்கொண்டிருந்தது.

“இருக்குங்களே மிஸ்.”

“இருக்குது. ஆனா வெளிவரேல்லை. வெளியீட்டு விழா நடந்தாத்தான் வெளிவந்த மாதிரி. அதுக்கு முதல் பாக்கக்கூடாது. இப்பவே நீர் கனக்கப் பாத்திட்டீர்.”

வினோதா வெட்கப்பட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

அவளுக்கு அந்த நூல் சும்மா ஆசைக்கு வேண்டியதல்ல. வெள்ளைப்பாறைத் தேயிலை ஃபெக்டரிக்குக் கணினி ஒன்று வந்திருந்தது. சபையின் சான்றிதழ் வைத்திருக்கிற தோட்டத்துப் பிள்ளை யாராவது இருந்தால் அந்த வேலை அவருக்குத்தான், இல்லையென்றால் அடுத்த வருஷம் கொழும்பிலிருந்து ஆளைக் கொண்டுவருவேன் என்று தோட்டத்து மேலாளரான தொரை சொல்லியிருந்தார். சான்றிதழுக்குச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். சோதனையை எப்போது வைப்பீர்கள் என்று கேட்டபோது சபைத் தலைவர் சிவபாதம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு சொன்னார்:

“நூல் வெளிவராமல் சோதனை வைக்கிறது முறையில்லைப் பிள்ளை. வெளிவராத ஒரு விசயத்தில நீர் பாஸ் பண்ணினால், அந்தப் பாஸும் வெளிவராத பாஸாப் போயிடும்.”

வீட்டில் அம்மா அம்மாக்கண்ணுவுக்கு வேறு யோசனை.

“பேர் பதிஞ்சிருடி. பொஸ்தகம் வருது வருதுன்னு வயசுதான் போவுது” என்பாள்.

தோட்டத்தில் பேர் பதிவது என்றால் கொழுந்து பறிக்கத் தொழிலாளியாகச் சேர்வது. அப்புறம் ஒவ்வொரு நாள் சம்பளத்துக்கும் ‘பேர்’ என்றுதான் பெயர். கொழுந்து நிறை சரியாக இருந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். மழையில் நனைந்ததும் அட்டை கடித்ததும் கணக்கில் வராது. வினோதாவுக்கு வேலைக்குச் சோம்பல் இல்லை. ஆனால் கூடைக்கயிறு இழுத்து இழுத்து அம்மாவின் உச்சந்தலையில் முடி கொட்டிப்போன அந்தத் தடத்தைப் பார்க்கும்போதெல்லாம் தன் உச்சியைத் தடவிக்கொள்வாள். தன் தலையிலும் அது விழக்கூடாது என்று பயந்தாள். அம்மாவின் தலையிலிருந்தும் அதை இறக்கிவிட வேண்டும் என்று இன்னும் அதிகமாக ஆசைப்பட்டாள்.

ஆகவே காத்திருந்தாள்.

முதலாவது வெளியீட்டு விழாவுக்கு அழைப்பிதழ் அடித்தாயிற்று. மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், வெளியீட்டுரை, ஆய்வுரை, சிறப்புரை, பிரதம விருந்தினர் உரை, ஏற்புரை, நன்றியுரை. பிரதம விருந்தினர் ஒரு பிரதி அமைச்சர். அவருடைய படமும் வாழ்த்துச் செய்தியும் நூலின் முன்பக்கத்தில் முழுப்பக்கமாக இருந்தன. விழாவுக்கு முந்திய வாரம் பாராளுமன்றம் கலைந்தது. தேர்தல் நடந்தது. பிரதி அமைச்சர் வெறும் மனிதராகி வீட்டுக்குப் போனார்.

சபை அவசரமாகக் கூடியது.

“பிரதி அமைச்சர் மாறினால் எல்லாப் பிரதியும் மாறத்தான் வேணும்” என்று தலைவர் சிவபாதம் தீர்ப்புச் சொன்னார்.

புதிய பிரதி அமைச்சரின் படமும் செய்தியும் வந்தன. அவர் செய்தி கொடுத்த விசயம் ஊரில் பரவியதும் கோயில் தர்மகர்த்தாவும், வர்த்தகர் சங்கமும், தனியார் பஸ் உரிமையாளர் சங்கமும் தாங்களும் தரவுத்தளத்தை வாழ்த்தாமல் இருப்பது மரியாதையல்ல என்று செய்தி அனுப்பின. சிவபாதம் தலைவர் என்ற முறையில் ஒன்றும், பதிப்பாசிரியர் என்ற முறையில் ஒன்றும், ஓய்வுபெற்ற கல்விப் பணிப்பாளர் என்ற முறையில் ஒன்றுமாகத் தனித்தனியே எழுதினார். மூன்றிலும் மற்ற இருவரையும் பாராட்டியிருந்தார். அச்சகத்தார், இதற்குமேல் பக்கம் சேர்த்தால் கட்டு நிற்காது, முதுகு பிளந்துவிடும் என்று கையை விரித்துவிட்டார்கள். முன்னால் ஏறியதற்கு ஈடாகப் பின்னால் இறக்குவது என்று முடிவாயிற்று. கடைசி அத்தியாயங்களை உருவினார்கள்.

கோபிசங்கர் மாஸ்டர் ஓடி வந்தார்.

“ஐயா, கடைசி அத்தியாயத்திலதான் கேள்வி கேட்டுத் தகவல் எடுக்கிறது எப்பிடியெண்டு எழுதியிருக்கிறன். அதை எடுத்தால் புத்தகத்தில என்ன இருக்கு?”

“மாஸ்டர், எங்கட சனம் கேட்டு எப்ப என்ன கிடைச்சது? அந்த அத்தியாயம் இல்லாட்டி ஒருத்தருக்கும் குறை தெரியாது.”

நூலில் இல்லாதது சோதனையிலும் வராது என்று யோகராணி சுற்றறிக்கை ஒட்டினாள். கரும்பலகையில் பார்த்து வினோதா இரவும் பகலும் மனனம் செய்து வைத்திருந்ததில் கணிசமான பகுதி அன்றோடு பயனற்றுப் போனது.

இரண்டாவது விழா உண்மையாகவே நடந்தது. வினோதாவுக்கு அதில் பெரிய பொறுப்பு. சிவப்பு நாடா கட்டிய நூல்களைத் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு மேடையில் நிற்க வேண்டும். “பிரிச்சுப் பாத்திடாதையும்” என்று யோகராணி மட்டும் எச்சரித்திருந்தாள். அம்மாக்கண்ணுவும் ஒருநாள் பேரை விட்டுவிட்டு, கல்யாணச் சீலையைக் கட்டிக்கொண்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

விளக்கேற்றலே தேயிலைக்கொழுந்து வாடும் நேரம் எடுத்தது. கதவைத் திறந்தால் பனிமூட்டம் உள்ளே வந்து திரியை அணைத்தது. மூடினால் பிரமுகர்கள் உள்ளே வர முடியவில்லை. பிறகு தலைமையுரை. சிவபாதம் மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார்.

“அன்பார்ந்த பெரியோர்களே! இந்த நூலை நான் வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் எனக்கு ஒரு பக்கச்சார்பு ஏற்பட்டிருக்கும். தலைவன் நடுநிலையாக இருக்கவேண்டும். கணினி என்பது யாது? அது ஒரு பெட்டி. அதைத் திறந்தால் அதற்குள் தூசி போகும். ஆகவேதான் எமது சபையில் அதை இந்நாள்வரை மூடியே பாதுகாத்து வருகிறோம்.”

கூட்டம் பலமாகக் கைதட்டியது. ஆய்வுரை நிகழ்த்த வந்தவர் இன்னும் ஒரு படி மேலே போனார். நூலைப் படித்துவிட்டுப் பேசுவது யாருக்கும் முடியும், படிக்காமல் பேசுவதற்குத்தான் புலமை தேவை என்றார். தன் புலமையை நெடுநேரம் நிரூபித்தார்.

அடுத்து புதிய பிரதி அமைச்சர் எழுந்தார். தோட்டத்து மக்கள் கூட்டத்தைக் கண்டதும் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

“தரவுத்தளம்! ஆகா, என்ன அருமையான திட்டம்! எத்தனை காலமாக எங்கள் மக்கள் லயத்து வரிசை வீடுகளிலே மண் தரையில் படுத்துக் கிடக்கிறார்கள்! இன்று சொல்கிறேன், நானே தருவேன் அந்தத் தளத்தை! ஒவ்வொரு வீட்டுக் காம்பராவுக்கும் சிமெந்துத் தளம்! மழை பெய்தாலும் ஊறாத தளம்!”

மண்டபம் அதிர்ந்தது. கோபிசங்கர் மாஸ்டர் மட்டும் கையால் முகத்தை மூடிக்கொண்டார். பின்வரிசையில் அம்மாக்கண்ணு பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்:

“மொதல்ல நம்ம லயத்துக்குப் போடுவாங்களா, மேல் லயத்துக்கா?”

எல்லாம் கூடிவரும் நேரத்தில்தான் முதற்பிரதியில் வினை வந்தது. முதற்பிரதியைத் தருவதாக இரும்புக்கடை முதலாளியிடம் தலைவர் சொல்லியிருந்தார். அதே முதற்பிரதியைப் பேக்கரி முதலாளிக்கு யோகராணி கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேடையேறி, வினோதாவின் தாம்பாளத்திலிருந்த மேல் நூலை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்தார்கள். புகைப்படக்காரர் இருவரையும் சிரிக்கச் சொன்னார். சிரித்தார்கள். ஆனால் யாரும் கையை எடுக்கவில்லை.

“முதற்பிரதி அ, முதற்பிரதி ஆ எண்டு ரெண்டாக் குடுப்பம்” என்று தலைவர் சமாதானம் பேசினார்.

“ஐயா, ஒரே அடையாளத்தை ரெண்டு பேருக்குக் குடுக்கக்கூடாது. அதுதான் தரவுத்தளத்தின்ர முதலாம் பாடம்” என்றார் மாஸ்டர், தாங்க முடியாமல்.

“அந்தப் பாடத்தையும் எடுத்துவிடும்” என்றார் தலைவர்.

முதலாளிகள் இருவரும் இரண்டு வாசலால் வெளியேறினார்கள். முதற்பிரதி போகாமல் இரண்டாம் பிரதி போக முடியாது. விழா ஒத்திவைக்கப்பட்டது. நூல்கள் நாடாவோடு அலுமாரிக்குத் திரும்பின. மேடைவரை போய்விட்டு வந்தபடியால் நூல் பாதி வெளிவந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்று சபை அறிவித்தது.

பஸ்ஸில் அம்மா முழுக்கதையையும் கேட்டுக்கொண்டு வந்து, நோர்வூட்டில் இறங்கும்போது சொன்னாள்:

“அப்ப ஒன் பொஸ்தகத்துக்கும் அரைப்பேருதான் போட்டுருக்காங்க.”

வினோதாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வருஷம் முடிய அதிகம் இருக்கவில்லை. ஃபெக்டரிக் கிளாக்கர் சின்னத்தம்பி வழியில் கண்டபோதெல்லாம், “கொழும்புப் பையன் ஒருத்தன் விசாரிச்சுக்கிட்டு இருக்கான் புள்ள” என்று ஞாபகப்படுத்தினார்.

முதலாளிகளைச் சமாதானப்படுத்த ஒரே வழிதான் இருந்தது. இருவருக்கும் நூலில் வண்ணப்படம். இரும்புக்கடைக் குடும்பத்துக்கு எத்தனை பக்கமோ அத்தனை பக்கம் பேக்கரிக் குடும்பத்துக்கும். பேரப்பிள்ளைகள் இரு தரப்பிலும் நிறைய. மீண்டும் பின்பக்கத்திலிருந்து உருவல் நடந்தது. கடைசியில் ‘உள்ளீடும் வெளியீடும்’ என்ற முதல் அத்தியாயம் மட்டுமே மிஞ்சியது. அதிலும் உள்ளீடு இருந்த பக்கத்தில் பேக்கரியின் புதிய கிளையின் படம் வந்துவிட்டது.

“என்ர பேராவது அட்டையில இருக்கட்டும் ஐயா” என்றார் கோபிசங்கர் மாஸ்டர். தலைவர் பெருந்தன்மையோடு இருக்கட்டும் என்றுவிட்டார்.

மூன்றாவது விழாவில் ஒரு குறையும் இல்லை. வினோதா மீண்டும் தாம்பாளம் ஏந்தினாள். முதற்பிரதிகள் இரண்டும் ஒரே நொடியில் இரண்டு கைகளால் வழங்கப்பட்டன. சிறப்புப் பிரதிகள், கௌரவப் பிரதிகள் எல்லாம் வரிசையாகப் போயின. பொன்னாடைகள் ஒரு தோளிலிருந்து அடுத்த தோளுக்கு இறங்கிச் சுற்றி வந்ததில் தலைவருக்கே இரண்டு முறை விழுந்தது. நூல் வெளிவந்தே விட்டது! வினோதா யோகராணியிடம் ஓடினாள்.

“மிஸ், இப்பவாச்சும் ஒன்னு தாங்க மிஸ்.”

“வெளியீடுதானே பிள்ளை முடிஞ்சுது. இனி அறிமுக விழா வைக்கவேணும். அறிமுகமாகாத நூலை எப்பிடித் தாறது?”

மிச்ச நூல்கள் அலுமாரிக்குப் போயின. வினோதா சாவி திரும்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள். இந்த முறை அவளுக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

ஆனாலும் நூல் சட்டப்படி வெளிவந்துவிட்டதால் சோதனை நடந்தது. நூலாசிரியர் விடைத்தாள் திருத்தினால் பக்கச்சார்பாகிவிடும் என்று மாஸ்டரை விலக்கிவிட்டுத் தலைவரே திருத்தும் பொறுப்பை ஏற்றார். வினாத்தாளில் ஒரே ஒரு கேள்வி இருந்தது:

‘வெளியீடு என்பது யாது? அதன் படிமுறைகளை ஒழுங்காக விளக்குக.’

வினோதாவுக்கு விடை தெரியும். கணினிக்குள் நாம் கொடுப்பது உள்ளீடு, அது வேலை செய்து திருப்பிக் கொடுப்பது வெளியீடு என்று மாஸ்டர் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார். அதை எழுதப் பேனாவை எடுத்தவள் தலையைத் தூக்கினாள். சிவபாதம் ஐயா தோளில் பொன்னாடையோடு, மேடையில் நடப்பது போல மண்டபத்தில் நடந்துகொண்டிருந்தார். வினோதா அவரை ஒருமுறை பார்த்தாள். கேள்வியை ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து எழுதத் தொடங்கினாள்.

‘வெளியீடு என்பது மங்கல விளக்கேற்றலுடன் ஆரம்பமாகும். கதவு சாத்தியிருத்தல் அவசியம்...’

கை வலிக்க வலிக்க எழுதினாள். மேலதிகத் தாள் வாங்கி எழுதினாள். வரவேற்புரையிலிருந்து நன்றியுரை வரை ஒன்றையும் விடவில்லை. முதற்பிரதி அ, முதற்பிரதி ஆ என்பவற்றின் வேறுபாட்டையும் விளக்கினாள்.

பெறுபேறு வந்தபோது வினோதா பாஸ். அதுவும் முதல் தரமான அதிவிசேட சித்தி. ‘கணினி தரும் விடையே வெளியீடு’ என்று எழுதிய மற்றப் பிள்ளைகளின் தாளில் சிவப்பு மையில் ஒரே குறிப்பு இருந்தது: ‘யார் தலைமையில்?’

சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வினோதா ஃபெக்டரிக் கந்தோருக்குப் போனாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அந்தப் படியில் ஏறியதில்லை. கிளாக்கர் சின்னத்தம்பி சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மூலையிலிருந்த மேசையைக் காட்டினார். அங்கே வெள்ளைத்துணி போர்த்திக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது.

“வேல ஒனக்குத்தான் புள்ள. ஆனா கம்பியூட்டர இன்னும் தெறக்கல. சிவபாதம் ஐயா வந்து தெறந்து வைக்கணும்னு தொரை சொல்லிட்டாரு. தேதி கேட்டு எழுதியிருக்கோம்.”

“அது வரைக்குங்க?”

“அது வரைக்கும் சும்மா உக்காந்திரு. அரைப்பேரு போடுறேன்.”

அலுமாரியும் பூட்டும் சிலந்தியும் வினோதாவின் கண்ணுக்குள் வந்து போயின. பிறகு சான்றிதழில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

“இதுல என்னா போட்டிருக்கு, படிங்க கிளாக்கரய்யா.”

“வெளியீட்டில்... அதிவிசேட சித்தி.”

“வெளியிடுறது, தெறக்குறது எல்லாம் நான் படிச்சு பாஸ் பண்ண வேலைங்க. முத்திர கூட இருக்கு பாருங்க.”

முத்திரை இருந்தது. முத்திரையை மறுத்துப் பேசிப் பழக்கமில்லாத கிளாக்கர் ஒதுங்கி வழிவிட்டார். கரண்ட் போனால் கொளுத்தும் குப்பி விளக்கை வினோதா ஏற்றினாள். கதவைச் சாத்தினாள். கோப்புக் கட்டும் நாடாவை எடுத்து மேசைக்குக் குறுக்கே கட்டினாள். ஜன்னலால் தலையை நீட்டி, எதிரே மடுவக் கொட்டகையில் கொழுந்து நிறுக்க வரிசையில் நின்ற அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மாக்கண்ணு கூடையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாக, ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே வந்தாள்.

“அம்மா, நீதான் பிரதம விருந்தினர். ரெண்டு வார்த்த பேசு.”

“எனக்கு என்னாடி தெரியும்?”

“தெரியாததத்தான் பேசணும். அதுதான் மொற.”

அம்மாக்கண்ணு துணி மூடிய உருவத்தைப் பார்த்தாள். கையைப் படங்கில் துடைத்துக்கொண்டாள்.

“இது என்னான்னு எனக்குத் தெரியாதுங்க. எதுவா இருந்தாலும் நல்லா இருக்கட்டும். வரிசையில என் எடத்த அழகன் பொண்டாட்டி புடிச்சுக்கிருவா, நான் போறேன்.”

கிளாக்கர் சின்னத்தம்பி தன்னையறியாமல் கைதட்டினார். இரண்டு விழாக்களில் கேட்ட அத்தனை உரைகளின் சாரமும் அதில் இருந்ததாக வினோதாவுக்குத் தோன்றியது. அம்மாக்கண்ணு கொழுந்துக் கறை படிந்த விரலால் நாடாவை அவிழ்த்து, துணியை ஒரே இழுப்பாக இழுத்தாள். தூசி பறந்தது. கணினி வெளியே வந்தது.

வினோதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பொத்தானை அழுத்தினாள். திரையில் வெளிச்சம் வரும் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

“கிளாக்கரய்யா, எங்க ரெண்டு பேருக்கும் இன்னைக்கு முழுப்பேரு போட்டுருங்க.”